பட்டன் தேய்ந்த இடம்

வலது கால் ஊன்றியாயிற்று, இனித் திரும்ப வேண்டும், திரும்பிவிட்டாள், ஒன்றும் ஆகவில்லை. செங்கோட்டுவேலு மூச்சை விட்டான். விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் பந்து மறுபடி இந்தப் பக்கம் வந்துவிட்டது. இந்தப் பந்துக்குக் கொஞ்சமாவது இரக்கம் உண்டா, போன இடத்திலேயே கிடந்தால் என்ன. இடது கால், வலது கால், இரண்டு சின்ன எட்டு, ஒரு பெரிய எட்டு, மறுபடி ஊன்றல். ஊன்றும்போதெல்லாம் சிமெண்டுத் தரையில் ரப்பர் கிறீச்சிட்டது, அந்தக் கிறீச்சு நேராக வந்து அவன் கடைவாய்ப் பல்லில் உட்கார்ந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை, மணி எட்டரைதான், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அரசு ஊழியர்களுக்கான மாவட்டப் போட்டி. டென்னிஸ், பெண்கள் ஒற்றையர். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு வைக்க ஆள் சேரவில்லை என்று எல்லாரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். அதனால் அந்தப் பக்கம் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பெண், தரையில் கால் பாவாமல் துள்ளுகிறது, இந்தப் பக்கம் நாற்பத்தொரு வயது தமயந்தி, அரசு பெண்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை, அவன் சம்சாரம், வலது முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகி, பதினான்கு மாதம் கழித்து இன்றைக்குத்தான் முதல் ஆட்டம். பெண்டாட்டி ஆடுகிறாள், வீட்டுக்காரன் ரசிக்கிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. யார் எத்தனை எடுத்திருக்கிறார்கள் என்று கேட்டால் முழிப்பான். கோர்ட்டுக்குள்ளேயே ஓரமாகக் கிடந்த சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அவளுடைய முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஜவ்வைக் கிழித்தது அவன்தான். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. பதினான்கு மாதமாகச் சுற்றி வளைத்துப் பார்த்தாயிற்று. அடித்தானா, தள்ளிவிட்டானா, ஒன்றுமில்லை. கல்யாண நாளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தான். அவ்வளவுதான் செய்தான். நாமக்கல்லில் லாரி டயர்களுக்கு ரீட்ரேடிங் பட்டறை வைத்திருப்பவன், தேய்ந்த டயர்மேல் புது ரப்பரைச் சுற்றி வேகவைத்துப் புதுப் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கிற வெட்டு, எடுத்துக் கொடுப்பவன், டயரின் பட்டனைக் கட்டைவிரலால் தடவியே இது இன்னும் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் தாங்கும் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லி வருபவன். அப்படிப்பட்டவன் கையில் ஒரு நாள் அவளுடைய பழைய ஷூ அகப்பட்டது. கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். அடிப்பக்கம் பூராவும் மீன்முள் மாதிரி வளைந்து வளைந்து ஓடும் கோடு. ஓரங்களில் அந்தக் கோடு இன்னும் இருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, பாதத்தின் மேடு வருகிற இடத்தில் மட்டும், ஒரு காசு அளவுக்கு மொழுக்கென்று தேய்ந்துபோயிருந்தது. மொட்டை. டயர்க்காரன் காதில் அந்த ஒரு வார்த்தை விழுந்தால் போதும். மொட்டை டயரோடு மழையில் போய்ச் சாலையை விட்டு இறங்கிய வண்டிகளை அவன் பார்த்திருக்கிறான். அதில் ஒரு டிரைவர், நல்ல மனுஷன், ‘அடுத்த நடைக்கு மாத்திக்கலாமுங்க’ என்று சிரித்துக்கொண்டே போனவர், அவருக்கு அடுத்த நடை வாய்க்கவில்லை. அந்த நினைப்போடு ஷூவைப் பார்த்தால் வேறென்ன தோன்றும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழசைக் கொண்டுபோய்ப் பட்டறையின் கழிவு ரப்பரோடு போட்டான். சேலத்துக்குப் போனான். கடைக்காரர் ஒழுங்காகத்தான் கேட்டார், ‘எந்தத் தரையில ஆடறாங்க, சிமெண்டா, மண்ணா?’ ‘எந்தத் தரையா இருந்தாலும் நல்லாப் புடிக்கணுமுங்க,’ என்றான் இவன், பெரிய மேதாவி மாதிரி. ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அழுத்திப் பார்த்து, எதில் பள்ளம் ஆழமோ, எதில் ரப்பர் மெத்தென்று விரலோடு ஒட்டுகிறதோ, அதை எடுத்துக்கொண்டான். இது மண் தரைக்கானது என்று கடைக்காரர் சொல்லவும் சொன்னார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

லாரிக்கு முன்னால் ரிப், பின்னால் லக். பட்டறைக்கு வரும் எந்தக் கிளீனரைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். முன் சக்கரத்துக்கு நெடுக்காக ஓடும் கோடு, அதற்கு ரிப் என்று பேர், அது திரும்புகிற சக்கரம், ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும். பின் சக்கரத்துக்குக் குறுக்கே பாளம் பாளமாக வெட்டிய பட்டன், அது லக், அது தள்ளுகிற சக்கரம், தரையைக் கவ்வ வேண்டும். முன்னால் கொண்டுபோய் லக்கை மாட்டியவனைப் பார்த்து அவனே எத்தனை தடவை வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறான். மனுஷக் கால் இருக்கிறதே, அதற்கு முன் சக்கரமும் அதுதான், பின் சக்கரமும் அதுதான். ஓடும்போது தள்ளுகிறது, நிற்கும்போது கவ்வுகிறது, பந்தை அடித்த மறு நொடி திரும்புகிறது. மூன்று வேலையையும் கையகல ரப்பர்தான் செய்தாக வேண்டும். திரும்புகிற இடம் கட்டைவிரலுக்குக் கீழே. அங்கே அந்தப் பழைய ஷூ கெட்டுப்போய்த் தேயவில்லை. நாலு வருஷம் திரும்பித் திரும்பி, தன் காலுக்கு எது வேண்டுமோ அதை அவளே அங்கே தேய்த்துச் செய்துவைத்திருந்தாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்காமல் போனான், போய், ஊரே சிரிக்கிற மாதிரி, ஸ்டியரிங் அச்சில் லக்கை மாட்டிவிட்டு வந்தான். சேலத்தில் ஒரு கல்லூரி கோர்ட், சும்மா பயிற்சி ஆட்டம், புது ஷூ போட்ட இரண்டாம் நாள். அவனும் கூடப் போயிருந்தான், பெருமையாக வேறு. வலது ஓரத்துக்குப் போன பந்துக்கு ஓடினாள், காலை ஊன்றினாள், அடித்தாள், திரும்பினாள். தோள் திரும்பியது. இடுப்பு திரும்பியது. தொடை திரும்பியது. ஷூ திரும்பவில்லை. அவன் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய ரப்பர் அல்லவா, சொன்ன வேலையைச் செய்தது, தரையைக் கவ்விக்கொண்டு நின்றது. நடுவில் மாட்டியது முழங்கால். டொப் என்று ஒரு சத்தம், பந்துச் சத்தம் என்றுதான் நினைத்தான்.

இதோ, மறுபடி அந்த வலது ஓரத்துக்கே போடுகிறது அந்தப் பெண். தெரிந்து போடுகிறதா, தெரியாமல் போடுகிறதா. சின்னப் பெண்ணைத் திட்டக் கூடாது, ஆட்டம் என்றால் அப்படித்தான் போடுவார்கள், ஆனாலும் மனசுக்குள் திட்டினான். தமயந்தி ஓடினாள், எட்டவில்லை, விட்டுவிட்டாள். நல்ல காரியம். போகட்டும், ஒரு பாயிண்ட்தானே. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த ஈரோட்டுப் பெண்கூட அதைத்தான் சொன்னது, எல்லாப் பந்துக்கும் ஓட வேண்டியதில்லை அக்கா என்று. அந்தப் பெண்தான் முதல் வாரமே ஒரு ஷூவைக் கையில் எடுத்து அடியைத் திருப்பிக் காட்டி விளக்கியது. ‘பிடிமானம் கம்மியா இருந்தா வழுக்கி உழுவீங்க, சிராய்ப்போட போயிரும். ரொம்ப இருந்தா கால் அங்கயே நின்னுக்கும், ஒடம்பு மட்டும் போயிரும். பாதம் கொஞ்சம் நழுவோணுங்கக்கா. நழுவுனாத்தான் முட்டி தப்பிக்கும்.’ அவன் மாத்திரைப் பையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றான். நழுவினால்தான் தப்பிக்கும். வாழ்நாள் பூராவும் நழுவாமல் இருப்பதற்கு ரப்பர் ஒட்டிக் கொடுத்தவன் காதில் அதைச் சொன்னால் எப்படி இருக்கும். தமயந்தி கட்டிலில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவன் பக்கம் ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை, திரும்பியிருந்தால் போதும். திரும்பவில்லை. அன்றிலிருந்து அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும், வீட்டில் இரண்டே பேர், ஷூ என்ற சொல்லை இரண்டு பேரும் வாயில் எடுப்பதில்லை.

இதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது வேறொன்று. அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். பதினேழு வருஷக் கல்யாணத்தில் அவன் திட்டு வாங்காத நாள் என்று ஒன்றுண்டா. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு, ரப்பர் கரிக் கையோடு ஃபிரிட்ஜைத் திறந்ததற்கு, கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களிடம் டயர் கதை பேசியதற்கு. மைதானத்தில் நானூறு பிள்ளைகளை விசில் இல்லாமலே நிற்கவைக்கிற குரல் அது. அதிலும் அந்த ஊர் வழக்கம் இருக்கிறதே, எவ்வளவு கோபம் வந்தாலும் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். மரியாதையில் ஒரு மாற்று குறையாது, வாங்குகிறவனுக்குத் தோல் மட்டும் உரிந்துவிடும். ஜவ்வு போன நாளிலிருந்து அந்த ‘ங்க’ மட்டும் மிச்சம், திட்டு போய்விட்டது. எதற்கெடுத்தாலும் ‘பரவால்லைங்க.’ காப்பியை மேசையில் கொட்டினான், பரவால்லைங்க. அவளை டாக்டரிடம் கூட்டிப்போக மறந்து பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டான், பரவால்லைங்க, ஆட்டோ புடிச்சுப் போயிட்டேன். ஒரு நாள் வேண்டுமென்றே, ஆமாம், நாற்பத்தாறு வயது மனுஷன் வேண்டுமென்றே, சொட்டச் சொட்ட நனைந்த துண்டை மெத்தைமேல் போட்டுவிட்டு வாசலில் போய் நின்று காத்திருந்தான். உள்ளேயிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் அவள் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு துண்டைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பட்டறைக்குப் போய், டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவன் அழுதான். சும்மா கண் கலங்கவில்லை, அழுதான்.

அப்படியானால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டியதுதானே. சொல்லலாம். எத்தனை தடவை தொண்டை வரைக்கும் வந்திருக்கிறது. சாப்பிட உட்காரும்போது, வண்டியில் அவளைப் பின்னால் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, தமயந்தி அந்த ஷூ, என்று ஆரம்பித்துவிடலாம், பிறகு தானாக வந்துவிடும். பயம் என்னவென்றால், எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்த பிறகு, அவள் இலையைப் பார்த்துக்கொண்டோ ரோட்டைப் பார்த்துக்கொண்டோ ‘பரவால்லைங்க’ என்று சொல்லிவிட்டால்? அதற்கு மேல் எங்கே போவது. அடி வாங்குகிறவனுக்கு அடுத்த அடி எங்கே விழும் என்றாவது தெரியும். இது கோர்ட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கேஸே இல்லை, வீட்டுக்குப் போ என்று சொல்கிற மாதிரி. சொல்லாமல் இருக்கிற வரைக்கும், சொன்னால் ஒருவேளை திட்டுவாள் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டுதான் பதினான்கு மாதம் ஓட்டினான். கோழை என்றால் கோழைதான், யார் இல்லை என்றார்கள்.

புது ஷூவை அவளே வாங்கிக்கொண்டாள். ஒரு மாதம் முன்பு தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறிப் போய், எதைப் பார்த்தாளோ, யாரைக் கேட்டாளோ, வெள்ளையில் ஊதாப் பட்டை போட்ட ஒரு ஜோடியோடு வந்தாள். பெட்டியை அலமாரிக்குமேல் வைத்தாள். அவன் ஒரு தடவைகூட அதன் அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. தொடக் கை வரவில்லை. எந்தப் பட்டன், என்ன ஆழம், திரும்புகிற இடத்தில் ஷூ செய்தவன் என்ன வைத்திருக்கிறான், எதுவும் தெரியாது. இப்போது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அவள் காலைத் தூக்குகிற அரை நொடியில் அடியைப் படித்துவிடப் பார்க்கிறான். முடிகிற காரியமா. கோர்ட்டின் கோடியில் காற்று கொண்டுவந்து போட்ட மெல்லிய தூசி படிந்திருக்கிறது. அவள் அங்கே போய் வந்தால் தூசியில் அச்சு விழுகிறது. கண்ணை இடுக்கிக்கொண்டு அந்த அச்சைப் பார்த்தான். ஓரத்தில் மீன்முள். குதிங்காலிலும் மீன்முள், ஆனால் நெருக்கமாக, ஆழமில்லாமல். நடுவில்? நடுவில் அச்சு கலைந்து கிடக்கிறது. கலைந்தால் நல்லதா கெட்டதா. கலைந்தால் கால் அங்கே நின்று ஒட்டவில்லை, நகர்ந்திருக்கிறது. நகர்ந்தால் நல்லது. இல்லை, வழுக்கியிருந்தாலும் கலையும். ஒரு டயர் ரோட்டில் இழுத்த கறுப்புக் கோட்டைப் பார்த்து டிரைவர் எங்கே பிரேக்கில் கால் வைத்தான் என்று சொல்கிறவனுக்கு, சொந்தப் பெண்டாட்டியின் காலடியைப் படிக்கத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. அவளை முதன்முதலில் பார்த்தபோது அவன் கண்ணில் நின்றதே மண்ணில் விழுந்த ஒரு கோடுதான். அப்போது இந்த இடமெல்லாம் செம்மண் கோர்ட். தரையைச் சமன் செய்ய இழுத்து விடுவதற்குப் பழைய லாரி டயர் ஒன்று வேண்டும் என்று பட்டறைக்கு ஆள் அனுப்பியிருந்தார்கள், அவன் டயரை உருட்டிக்கொண்டு வந்தான். உள்ளே ஒரு பெண் ஆடிக்கொண்டிருந்தது. எட்டாது என்று அவன் நினைத்த பந்துக்கு ஓடி, காலை நீட்டி, அப்படியே மண்ணில் சறுக்கி, சறுக்கிக்கொண்டே அடித்து, நின்றது. மண்ணில் இரண்டு முழத்துக்கு ஒரு கோடு. பிறகு மட்டையால் ஷூவின் அடியை டப் டப் என்று தட்டி, மீன்முள் இடுக்கில் ஏறிய மண்ணை உதிர்த்துக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாரானது. மண் தரைக்கு அந்த ஆழமான பட்டன் சரி. மண்ணே நகர்ந்து கொடுக்கும், பட்டன் மண்ணைக் கிழித்துக்கொண்டு சறுக்கும். சிமெண்டு எதற்கு நகர்ந்து கொடுக்கப் போகிறது. அன்றைக்கு டயரைப் பிடித்தபடி அந்தக் கோட்டையே பார்த்து நின்றவன், இவ்வளவு அழகாக நழுவுகிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்து, நழுவாமல் இருக்க ஏற்பாடு செய்திருக்கிறான். நினைத்தால் சிரிப்புக்கூட வருகிறது.

கிறீச், கிறீச், டிக். செங்கோட்டுவேலு நிமிர்ந்தான். கிறீச், டிக். என்னது அது. இரண்டு பேரும் பக்கம் மாறி நின்றார்கள், தமயந்தி இப்போது அவனுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டாள். பந்தை எடுக்க நடந்தாள். டிக், டிக், டிக். வலது கால் மட்டும். வலது கால் தரையில் பட்டால் டிக், இடது காலுக்குச் சத்தமில்லை. பதினான்கு மாதமாக எதையும் நிச்சயமாக நம்பாமல் கிடந்த மனசு, இதை மட்டும் கேட்ட நொடியே நம்பியது. கல். பட்டன் இடுக்கில் கல் மாட்டியிருக்கிறது. பட்டறை வாசலில் லாரி மெதுவாக வந்து நிற்கும்போது பின் சக்கரத்திலிருந்து இதே சத்தம் வரும், டிரைவர் காதில்கூட விழாது, அவன் காதில் விழும். அவளுக்குக் கேட்கவில்லை, பந்துமேல் கவனம். கல் ஓரத்தில் இருந்தால் ஒன்றுமில்லை. கட்டைவிரலுக்குக் கீழே இருந்தால்? ஊன்றித் திரும்பும்போது ரப்பர் தரையில் படாது, கல்தான் படும். ஒன்று கால் உருண்டு ஓடும், இல்லையென்றால் கல் குத்திக்கொண்டு கால் நின்றுவிடும், உடம்பு மட்டும் போய்விடும். சொல்லிவிடு. எப்படிச் சொல்வது, ஷூவைப் பற்றி அவன் வாயால் எப்படிச் சொல்வது. எந்த முகத்தோடு. போன தடவை ஷூவைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்ததால்தானே இவ்வளவும். ஒருவேளை கல்லாக இல்லாவிட்டால்? ஆணியாக, லேஸ் நுனியாக, வேறெதுவாகவோ இருந்து, ஆட்டத்தை நிறுத்தி எல்லார் முன்னாலும் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டால்? அவள் பந்தைத் தரையில் தட்டினாள். அந்தப் பக்கத்துப் பெண் குனிந்து தயாரானது. எப்படியும் அந்த வலது ஓரத்துக்குத்தான் திருப்பி அடிக்கப் போகிறது. தமயந்தி பந்தை மேலே போடக் கையைத் தூக்கினாள். ‘தமயந்தி! கல்லு!’ என்று அவன் கத்திவிட்டான். ‘வலது கால்ல கல்லு!’

நடுவராக உட்கார்ந்திருந்தவர் கூட்டுறவுத் துறையில் இருப்பவர், குடையும் தொப்பியுமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். ‘சார், வெளிய இருந்து யாரும் பேசக் கூடாது,’ என்றார். தமயந்தி கையை இறக்கினாள். காலைத் தூக்கி அடியைப் பார்க்கக் குனிந்தாள். முழங்கால் அந்த அளவுக்கு இன்னும் மடங்குவதில்லை. ‘ஒரு நிமிசமுங்க சார்,’ என்று நடுவரிடம் சொல்லிவிட்டு நேராகப் பெஞ்சுக்கு வந்தாள். வந்து, வலது காலைத் தூக்கி அவன் தொடைமேல் வைத்தாள். ஊர் பார்க்க. கலெக்டர் ஆபீசும் தாலுகா ஆபீசும் பார்க்க. அவன் கை தானாகப் பாக்கெட்டில் போய் வண்டிச் சாவியை எடுத்தது. அடி இப்போது முகத்துக்கு நேராக இருந்தது. ஓரமெல்லாம் மீன்முள், குதிங்காலில் நெருக்கமான மீன்முள், கட்டைவிரலுக்குக் கீழே ஒரு வட்டம், வட்டத்துக்குள் வட்டமாக மெல்லிய கோடுகள், பள்ளம் என்று சொல்லவே முடியாத அளவுக்கு. திரும்புகிற இடத்தில் திரும்புகிற பட்டன். கவ்வுகிற இடத்தில் கவ்வுகிற பட்டன். அப்பாடா, என்று அவனுக்கு வாய்விட்டே வந்துவிட்டது. சரியாகத்தான் வாங்கியிருக்கிறாள். எல்லாம் தெரிந்து வாங்கியிருக்கிறாள். வட்டத்தின் விளிம்பில், முதல் மீன்முள் தொடங்கும் இடுக்கில், மிளகு அளவு ஜல்லிக்கல். சாவி நுனியை விட்டு நெம்பினான், தெறித்து விழுந்தது. வேலை முடிந்தது. கையை எடுக்கலாம். எடுக்கவில்லை. ‘அந்த ஷூ,’ என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. ‘அன்னிக்கு நான் வாங்கியாந்தது. மண்ணுல ஆடற ஷூ அது. கடைக்காரர் சொன்னாரு. எனக்குத்தான் எல்லாந் தெரியும்னு... உன்ற பழைய ஷூவையும் நான்தான் தூக்கிப் போட்டேன். உன்ற முட்டி போனது என்னாலதான், தமயந்தி.’ சொல்லி முடித்துவிட்டு அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘பரவால்லைங்க’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தான். வரப் போகிறது. வந்துவிடும். தொடைமேல் இருந்த கால் நகரவில்லை.

‘ஏனுங்க,’ என்றாள். மைதானத்துக் குரல். அவன் முதுகு நிமிர்ந்தது. ‘பதினாலு மாசமா இத வாய்க்குள்ள வெச்சுக்கிட்டா ஊட்டுக்குள்ள பூனையாட்டச் சுத்திட்டு இருந்தீங்க? ஷூ மாத்தி வாங்கறது யாருக்கு வேணா வருமுங்க, அதுக்கு எனக்குக் கோவமில்ல. என்ற பழைய ஷூவ என்னையக் கேக்காம எப்படிங்க தூக்கி எறிவீங்க? அது என்ன உங்க பட்டறைக் குப்பைங்களா? நாலு வருசம் நான் ஓடித் தேச்சதுங்க அது. மழைத் தண்ணி நின்ன கோர்ட்டுலயெல்லாம் என்னையக் கொண்டுபோய்ச் சேத்தின ஷூவுங்க. ஒரு வார்த்த, தமயந்தி, இது தேஞ்சிருச்சே, மாத்தீரலாமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா உங்க வாயில இருக்கற முத்து உதுந்திருமா?’ நடுவர் எழுந்து நின்றுவிட்டார். தாலுகா ஆபீஸ் பெண் மட்டையால் வாயை மறைத்துக்கொண்டது. ‘அப்ப நீ ஏன் ஒண்ணும் சொல்லல,’ என்றான் அவன், மெதுவாக. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது, ஆனால் கோபம் இறங்கவில்லை. ‘நான் ஆரம்பிச்சா, நீங்க, உன்ற நல்லதுக்குத்தான் பண்ணுனேன்னு சொல்லுவீங்க. அந்த ஒரு வார்த்தைய மட்டும் நீங்க சொல்லிக் கேட்டுட்டா, அப்புறம் உங்ககூட எப்படிங்க குடும்பம் நடத்தறது? அதுக்குப் பயந்துக்கிட்டு வாயக் கட்டிக்கிட்டு இருந்தேனுங்க. மனுசன் தானா வந்து சொல்லட்டும், அப்பப் பாத்துக்கலாம்னு. வர்றாரு வர்றாருன்னு பாத்தா ஈரத் துண்ட மெத்தையில போட்டுட்டு வாசல்ல போயி நிக்கறீங்க. ஆளுங்களா நீங்க?’

பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். வேர்த்து வழிந்து, மூக்கு சிவந்து, புருவம் நெரிந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. அவ்வளவு அழகான முகத்தை அவன் எங்கேயும் பார்த்ததில்லை. அவனுக்கும் கண் நிறைந்துவிட்டது, அதோடு கூடவே, அடக்க அடக்க, சிரிப்பு. நெஞ்சில் இவ்வளவு நாள் உட்கார்ந்திருந்தது எதுவோ எழுந்து போய்விட்டது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய்ச் சாவகாசமாகத் திரும்பி வந்தது. ‘என்னங்க சிரிப்பு?’ என்றாள். அதற்கும் திட்டு. நடுவர் பக்கத்தில் வந்து நின்றார். ‘மேடம், டைம் ஆச்சு. சார், நீங்க என்ன, ஆட்டத்துக்கு நடுவுல கோச்சிங்கா குடுக்கறீங்க?’ செங்கோட்டுவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து கும்பிட்டான். ‘இல்லைங்க சார். திட்டு வாங்கிட்டு இருக்கறனுங்க,’ என்றான். அதை அவன் சொன்ன விதத்தில், ஏதோ பரிசு வாங்கப் பேர் கூப்பிட்டு மேடை ஏறியவன் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தமயந்தி காலை இறக்கி, தரையில் இரண்டு தடவை ஊன்றித் திருப்பிப் பார்த்தாள். வழுவழுப்பாகத் திரும்பியது, சத்தமில்லை. நடந்து கோட்டுக்குப் போனாள். பந்தைத் தட்டினாள், ஒன்று, இரண்டு. நிறுத்தினாள். திரும்பினாள். ‘இன்னும் முடியலைங்க,’ என்று கோர்ட்டின் அந்தக் கோடியிலிருந்து சொன்னாள். ‘மீதிய வண்டியில போறப்பச் சொல்றேன்.’ பெண்டாட்டியை வா, போ என்றே பதினேழு வருஷம் பேசிப் பழகிய செங்கோட்டுவேலு, கை இரண்டையும் கட்டிக்கொண்டு, மைதானத்துக்கே கேட்கும்படி, ‘சரிங்க,’ என்றான்.